அப்பா போனை வைக்கவில்லை

அன்பு மகள் வைஷாலிக்கு,

சிங்கப்பூர் ஈசூனிலிருந்து அம்மா எழுதுவது. டப்ளின் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்கப் பெருமாளை வேண்டுகிறேன். இங்கே நாங்கள் சுகம் என்று எழுதப் பேனா வரவில்லை, ஆனாலும் இருக்கிறோம். போனில் சொன்னால் பக்கத்திலேயே இருக்கும் அப்பா காதில் விழும், அதனால்தான் கடிதம். ஆபரேஷனுக்கு நீ வரவில்லை என்ற கோபத்தில் உன் குரல் கேட்டதும் அப்பா போனை வைத்துவிட்டார் என்று மெசேஜ் போட்டிருந்தாயே, படித்துவிட்டு அடுப்படியில் நின்று அழுதேன்.

ஆபரேஷனில் அப்பா தலைக்குள் வைத்த கம்பியால் பார்க்கின்சன் நடுக்கம் நின்றது உனக்குத் தெரியும், ரசம் சாதத்தைக்கூடச் சிந்தாமல் தன் கையாலேயே சாப்பிடுகிறார். மூளையில் ஒரு இடத்தில் நரம்புச் செல்கள் அதனதன் வேலையைப் பார்க்காமல் எல்லாம் சேர்ந்து ஒரே தாளத்தில் துடித்ததாம், கம்பியில் போகிற கரண்ட் அந்தத் தாளத்தைக் கலைத்துவிடுகிறதாம், டாக்டர் அனிதா பொறுமையாகச் சொன்னார். அதே கரண்ட் கொஞ்சம் பக்கத்தில் பரவினால் பேச்சு குழறுமாம். இவருக்குக் குழறுகிறது. தேக்கா மார்க்கெட்டில் அடுத்த வரிசைக்கே கேட்கும்படி விலை பேசுகிற மனுஷர், மீன்கடை அஃப்னான் "என்ன அங்கிள், கேக்கல லா" என்றதும் வெறும் பையோடு திரும்பி வந்துவிட்டார். கரண்டைக் கூட்டினால் பேச்சு போகிறது, குறைத்தால் கை ஆடுகிறது, நடுவில் சரியான அளவு டாக்டருக்கே இன்னும் பிடிபடவில்லை. நான் என்ன செய்வேன், சொல்.

போன மாதம் நீ பேசும்போது "என்னப்பா, தூக்கக் கலக்கமா, ஒண்ணும் புரியல" என்று சிரித்தாய். தெரியாமல் கேட்டாய், உன்னைக் குறை சொல்லவில்லை. அன்றிலிருந்து அவர் போனைத் தொடவில்லை. போன ஞாயிறு நீ கூப்பிடும் நேரம் பார்த்து, ஆஸ்பத்திரியில் கொடுத்த ரிமோட்டை எடுத்துத் தானே கரண்டைக் குறைத்துக்கொண்டார். கை உதறத் தொடங்கியது. கூட்டுங்கள் என்று கெஞ்சினேன், "பிள்ளைகிட்ட பேசிட்டுக் கூட்டிக்கிறேன்" என்று ரிமோட்டைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார். வார்த்தை அத்தனை தெளிவாக வந்தது வைஷு. நீ ஹலோ அப்பா என்றாய், காதுக்குக் கொண்டுபோன போன் தரையில் விழுந்து லைன் போய்விட்டது. அது தெரியாமல் குனிந்து இரண்டு கையாலும் எடுத்து, சாப்பிட்டியாம்மா, சாப்பிட்டியாம்மா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அப்புறம் லைன் போய்விட்டது என்று சொல்லி, மறுபடி கூப்பிடலாமா என்றேன், வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினார்.

அந்தக் குளிரில் வெளியே போகும்போது காதை மூடிக்கொள். அப்பாவின் ஆசியையும் சேர்த்து நானே எழுதிவிடுகிறேன், இருவரும் நீண்ட ஆயுளோடு நன்றாயிருங்கள். ஞாயிறு மறக்காமல் கூப்பிடு. இனி அவரைக் கரண்டைக் குறைக்க விடமாட்டேன், அதனால் அவர் பேசுவது உனக்குப் புரியாது. புரியாவிட்டாலும் 'ம்' கொட்டு.

இப்படிக்கு,
உன் அம்மா லீலா