நெஞ்சுவலி என்றே எழுதட்டுமா

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். எல்லோரும் சௌக்கியம் என்று தொடங்கத்தான் கை போகிறது. அப்படித் தொடங்கிவிட்டால் அதற்குக் கீழே எழுத எனக்கு ஒன்றும் இருக்காது. போனில் சொல்லலாம் என்றால், உன்னோடு பேசும்போதெல்லாம் அம்மா பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறாள். நீயும் இப்போதெல்லாம் வேலை இருக்கிறது என்று சீக்கிரம் வைத்துவிடுகிறாய்.

போன மாதம் ஒருநாள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை முடிந்து, சின்னவளைப் பள்ளியிலிருந்து கூட்டிவரப் பஸ் ஏறினேன். பள்ளி நிறுத்தம் வந்தது தெரிந்தது. எழுந்திருக்கவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, எழ வேண்டும் என்று தோன்றவே இல்லை. கடைசி நிறுத்தத்தில் பஸ் காலியானதும் கண்டக்டர் வந்து, "இறங்கலையாம்மா?" என்று கேட்டிருக்கிறார். "இறங்கி என்னங்க பண்ண?" என்றேனாம். என் போனை வாங்கி உன் மாமாவைக் கூப்பிட்டது அவர்தான். நல்ல மனுஷன். மாமா வரும்வரை பக்கத்து இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தார்.

சின்னவள் பள்ளி வாசலில் வாட்ச்மேனோடு இருந்தாள். அழவில்லை. "அம்மாவுக்கு அலுப்பா இருக்கும்" என்று அவரிடம் சொல்லியிருக்கிறாள். அவள் அழுதிருந்தால்கூட எனக்கு இவ்வளவு சுட்டிருக்காது.

டாக்டர் ரத்தம் எல்லாம் பார்த்தார். குறை ஒன்றுமில்லை என்று சொல்லி, மனநல ஆலோசகரிடம் போகச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அங்கே போனால், முதல் தடவை பார்ப்பதற்கு முன்பே நிரப்பித் தர வேண்டும் என்று ஒரு கத்தைத் தாள். சீட்டின் நகல், அடையாள அட்டையின் நகல், என் விஷயத்தை யாரிடமெல்லாம் சொல்லலாம் என்று ஓர் ஒப்புதல். மாமா புரட்டிப் பார்த்துவிட்டு, "நம்ம கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு கேள்வி கேக்கல" என்றார். கேட்டிருக்க வேண்டும் என்றேன். ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் சிரித்தார்.

அதற்குப் பிறகு கத்தை பிரிட்ஜ் மேலேயே கிடந்தது. தூசி துடைக்கும்போது தூக்குவேன், துடைப்பேன், திரும்ப வைப்பேன். தூக்கம் எப்படி, பசி எப்படி, அழுகை வருமா? எப்போதும், அடிக்கடி, எப்போதாவது, இல்லை. நாளெல்லாம் வருகிறவர்களிடம் இந்த எழுத்து தெளிவா, அந்த எழுத்து தெளிவா என்று கேட்பதுதான் என் பிழைப்பு. என்னைக் கேட்டால் எல்லாக் கட்டமும் ஒன்றுபோலத்தான் தெரிந்தது. எதற்காக வருகிறீர்கள் என்ற இடத்தில் தடுக்கி நின்று, அங்கே வரவேற்பில் இருக்கும் பெண்ணுக்குப் போன் செய்தேன். "பெரிசா எழுத வேணாம்மா. தோணினதை எழுதுங்க, மிச்சத்தை இங்க வந்து பேசிக்கலாம்" என்றாள். அலுப்பு என்று எழுதினேன்.

தம்பி, இதுவரை எழுதியது முன்னுரைதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மிச்சத்தை எழுத உட்கார்ந்தேன். அம்மா எதிரில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். குடும்பத்தில் யாராவது தங்கள் உயிரைத் தாங்களே போக்கிக்கொண்டது உண்டா என்று ஒரு கேள்வி. வாய்விட்டுப் படித்துவிட்டேன். அம்மா தலை நிமிராமல், "உங்கப்பாவுக்கு நெஞ்சுவலி" என்றாள்.

"நெஞ்சுவலின்னே எழுதட்டுமாம்மா?"

அம்மா மடித்த துண்டையே உதறி மறுபடி மடித்தாள். அப்பா போன அன்று அந்தக் கதவுக்கு வெளியே நீயும் நானும்தான் நின்றோம். உன் கை என் கைக்குள் இருந்தது. அதற்குப் பிறகு நாம் இருவரும்கூட அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அம்மா நெஞ்சுவலி என்றாள், நாமும் அதையே சொல்லிப் பழகிவிட்டோம்.

அம்மா எழுந்து உள்ளே போனாள். குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. ஈரக் கையோடு திரும்பி வந்து நின்றாள்.

"உண்டுன்னே எழுது. டாக்டர்கிட்டயும் வக்கீல்கிட்டயும் மறைக்கக் கூடாதும்பாங்க. அவர் பேரை மட்டும் எழுதிடாத."

"பேர் கேக்கலம்மா."

"அப்ப சரி." போகத் திரும்பியவள் நின்றாள். "அவருக்கு இப்படி ஒரு தாளை யாரும் கொடுக்கலையே" என்றாள். பிறகு உட்கார்ந்து மிச்சத் துணியை மடித்தாள்.

அடுத்த கேள்வி என்னைப் பற்றி. அந்த மாதிரி எண்ணம் எனக்கு வந்ததுண்டா என்று. எப்போதாவது என்ற கட்டத்தில் குறி போட்டேன். பயப்படாதே. நான் பயந்திருந்தால் உண்மையைச் சொல்லியிருக்க மாட்டேன். மாமா பார்த்தார். வேலை செய்யும் இடத்துக்குப் போன் போட்டு, சம்சாரத்துக்கு உடம்பு சரியில்லை, புதன்கிழமை லீவு வேண்டும் என்று சொன்னார். நேற்றே போய்த் தாள்களைக் கொடுத்துவிட்டு வந்தோம். வரவேற்புப் பெண் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது, புதன்கிழமை வந்து ஆலோசகரைப் பாருங்கள் என்றாள். பெரிதாக நிம்மதி என்று சொல்ல மாட்டேன். வீட்டுக்கு வந்ததும் தூங்கிவிட்டேன்.

இனி உன் விஷயம். போன தடவை "தூக்கந்தான் வரமாட்டேங்குதுக்கா, வேற ஒண்ணுமில்ல" என்றாய். லீவு நாளிலும் அறையை விட்டு வெளியே போவதில்லை என்று உன் கூட்டாளி சொன்னான். அவனைக் கோபித்துக்கொள்ளாதே, நான்தான் துருவினேன். "வேற ஒண்ணுமில்ல" என்பதை அப்பாவின் வாயால் நான் நிறையக் கேட்டிருக்கிறேன்.

நீ இருக்கும் ஊரிலும் இதற்கென்று ஒருவர் இருப்பார், அவரும் ஒரு கத்தைத் தாள் கொடுப்பார். அலுப்பாகத்தான் இருக்கும். நிரப்பு. முடியவில்லை என்றால் எனக்குப் போன் செய், கேள்வியைப் படி, சேர்ந்து எழுதுவோம். அம்மா பக்கத்தில் நின்றால் நிற்கட்டும்.

வேளைக்குச் சாப்பிடு. நான் இருக்கிறேன். நீயும் இருக்க வேண்டும், தம்பி.

உன் அக்கா