ஒரு கையால் மடங்கும் வண்டி

என் ஜயா அக்காவுக்கு,

நம் வீட்டில் ஒரு வரலாற்று முடிவு எடுக்கப்பட்டிருக்கிறது. மழைக்காலம் முழுவதும் நீண்ட ஆலோசனைகளுக்கும், சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்துபோன சில அமர்வுகளுக்கும் பிறகு, உன் மகள் தாரிணிக்கு வாங்கும் தள்ளுவண்டி மடங்கக்கூடியதாகவே இருக்கும் என்று தீர்மானமானது. அப்பா கடைசிவரை அதை ஆதரிக்கவில்லை. ஆனால் ஒரு கட்டத்தில் எதிர்ப்பதை நிறுத்தினார். நம் வீட்டு வழக்கப்படி அதற்குப் பெயர் சம்மதம்.

குழந்தை உட்காரும் வண்டிக்கு இத்தனை பேச்சா என்று நீ சிரித்திருப்பாய். நீ இருந்திருந்தால் பேச்சே எழுந்திருக்காது என்பது வேறு விஷயம்.

நீ போனபோது தாரு தவழக்கூட ஆரம்பிக்கவில்லை. வருஷம் கழியும்வரை அவள் வலியசாலையில் நம் வீட்டில் எங்களோடு இருக்கட்டும் என்று அவள் அப்பா, அத்திம்பேர்தான், சொன்னார். மாசிகத்துக்கு மாதம் தவறாமல் புனேயிலிருந்து வந்தார். சாஸ்திரிகள் சொன்னபடி எள்ளும் தண்ணீரும் விட்டார், மறுநாள் கிளம்பிப் போனார். முதல் வருஷத் திதியான வருஷாப்திகம் முடிந்துவிட்டால் மாதாமாதம் வர அவருக்குக் காரணம் கிடையாது. அதன் பிறகு தாரு யாரிடம் வளர்வாள்? இந்தக் கேள்வியை எங்கள் மூவரில் ஒருவரும் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக வண்டியைப் பற்றிப் பேசினோம்.

மடங்கும் வண்டி விமானத்தில் ஏறும், ஏறினால் புனே. மடங்காத வண்டி நம் ரேழியில் நிற்கும், நின்றால் வலியசாலை. இவ்வளவுதான் விஷயம். இதை யாரும் சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்ததால், சக்கரத்தின் விட்டம் பற்றி எங்களால் அத்தனை கோபமாகப் பேச முடிந்தது.

ஆரம்பித்து வைத்தவர் அத்திம்பேர். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில், வானிலை விசாரிப்பதுபோல, "மாமா, ஒரு ஸ்ட்ரோலர் பாத்து வெச்சிருக்கேன். மடக்கினா பிளேன்ல தலைக்கு மேல வெக்கற எடத்துல அடங்கிடும்" என்றார்.

அப்பா போனை முறைத்தார். "மடங்கறதெல்லாம் வண்டியா மாப்ளே? அதுக்குப் பேர் குடை."

அப்பா சாலை இலாகாவில் இருந்தவர் என்பதால் எந்தச் சாலையையும் நம்ப மாட்டார் என்று உனக்குத் தெரியும். மறுநாள் காலையில் டேப்பை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். சாக்கடை ஓடையை மூடியிருக்கும் சிலாப்புகளுக்கு நடுவில் உள்ள இடைவெளி, கோவில் முகப்பில் பெயர்ந்து கிடக்கும் கல், வாசல் படியின் உயரம் எல்லாவற்றையும் அளந்தார். சின்னச் சக்கரம் இந்தத் தெருவில் ஒரு வாரம் தாங்காது என்பது அவர் அறிக்கை. பெரிய சக்கரம், இரும்புச் சட்டம், எங்கேயும் மடங்காத உடம்பு, அதுதான் வண்டி.

"பொன்முடி வரைக்கும் தள்ளிண்டு போலாம்" என்றார்.

"பொன்முடிக்கு யாருப்பா போறா?"

"போமாட்டோமா? கொழந்தை கொஞ்சம் வளரட்டும், போவோம்."

கடைசியாகப் பொன்முடிக்குக் கிளம்பியபோது, கொண்டை ஊசி வளைவுகளை நினைத்தே மலையடிவாரத்தில் கல்லாற்றிலேயே தலைசுற்றி, பஸ்ஸிலிருந்து இறங்கி, எலுமிச்சை பிழிந்த நாரங்கா வெள்ளம் குடித்துவிட்டுத் திரும்பிய மனிதர் இவர். நீதான் அவருக்கு விசிறினாய்.

பிறகு வீட்டுக்குள் அளந்தார். அவர் சொன்ன வண்டி வாசல் கதவில் நுழையும், நடுக் கதவில் நுழையாது என்று தெரிந்தது. நம் வீடு ரயில் பெட்டி மாதிரி ஒடுக்கமானது என்பதை அவர் அன்றுதான் கண்டுபிடித்ததுபோல் நின்றார்.

"சாரமில்லே, போட்டும். ரேழியிலயே நிக்கட்டும். அது எங்க போப்போறது?" என்றார்.

நான் அடுப்பில் பால் இருக்கிறது என்று உள்ளே போனேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

நான் அப்பா கட்சி என்பதை நீயே ஊகித்திருப்பாய். ஆபீசில் ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு, பக்கத்தில் வண்டிகளைப் பற்றி உலகத்துத் தாய்மார்கள் எழுதியதைப் படித்தேன். ஒரு பெண்மணி காபிக் கோப்பை வைக்கும் வளையம் குலுங்குகிறது என்று மனம் உடைந்து எழுதியிருந்தாள். இன்னொருத்தி, கைப்பிடியின் நிறம் படத்தில் இருந்ததுபோல் இல்லை என்று. மடங்கும் வண்டிகளைத் திட்டி யாராவது எழுதியிருக்கிறார்களா என்றுதான் நான் தேடினேன். எழுதியிருந்தார்கள். ஒவ்வொன்றையும் அப்பாவுக்கு அனுப்பினேன். அவர் ஒவ்வொன்றுக்கும் ஒரு கும்பிடு பொம்மை அனுப்பினார். ஆனாலும் உட்கார முடியவில்லை, அக்கா. பஸ்ஸில் இருந்தால் வீட்டுக்குப் போகவேண்டும் போல் இருந்தது. வீட்டில் இருந்தால் வாசலுக்கு. தாரு சித்தி என்பதற்கு 'த்தி' என்று என்னைக் கூப்பிடும்போதெல்லாம் அவள் எதையோ கேட்கிறாள் என்றும், நான் எதையோ மறைக்கிறேன் என்றும் தோன்றியது.

இதற்கிடையில் அடுத்த வீட்டுச் செல்லா மாமி ஒரு சட்டத் திருத்தம் கொண்டுவந்தாள். வருஷம் கழியாமல் குழந்தைக்குப் புது வண்டி வாங்கப்படாது. பார்க்கலாமா? பார்க்கலாம், தோஷமில்லை. ஆகவே கடைசி மாசிகத்துக்கு மறுநாள், எதையும் வாங்குவதில்லை என்ற உறுதியோடு, அத்திம்பேர் ஊருக்குக் கிளம்புவதற்குள் அவரையும் கூட்டிக்கொண்டு நாங்கள் பைபாஸ் பக்கம் இருக்கும் பெரிய கடைக்கு ஓட்டோவில் கிளம்பினோம். கிளம்பும்போது மாமி ஒரு துணிப்பையை அப்பாவிடம் திணித்தாள். தூக்க முடியாத கனம்.

"காலித் தொட்டிலை ஆட்டப்படாது, காலி வண்டியைத் தள்ளவும் படாது. கொழந்தை உக்காராம அடம்பிடிச்சா இதை வெச்சுத் தள்ளுங்கோ."

உள்ளே துண்டில் சுற்றி, நம் வீட்டு அம்மிக்குழவி. நம்மைக் கேட்காமலே நம் சமையலறையிலிருந்து எடுத்திருக்கிறாள். தொட்டில் போடும் அன்று குழந்தைக்கு முன்னால் தொட்டிலில் கிடத்துவார்களே, அதே கல். உனக்கு முன்னால் கிடந்தது, எனக்கு முன்னால் கிடந்தது, தாருவுக்கு முன்னால் அதை நீயே உன் கையால் கிடத்தினாய். அப்பாவுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு, "லோடு டெஸ்டுக்கு ஆகும்" என்றார்.

கடையில் தாரு எந்த வண்டியில் வைத்தாலும் பலகைபோல் விறைத்தாள். சரி என்று விற்பனைப் பெண் ஒரு காலி வண்டியை உருட்டிக்காட்ட வந்தாள். "நில்லு மோளே!" என்று அப்பா போட்ட சத்தத்தில் மூன்று குடும்பங்கள் திரும்பின. அப்பா கல்லைத் துண்டோடு இருக்கையில் கிடத்தி, பெல்ட்டை மாட்டி, கன்னத்தைத் தட்டாத குறையாகச் சரிசெய்தார். ஒரு அம்மாள் ஆசையாகக் குனிந்து, "எத்ர மாசமாயி?" என்று கேட்டாள்.

"இது... லோடு" என்றார் அப்பா.

மடங்காத வண்டி கல்லோடு கம்பீரமாக ஓடியது. அப்பா அதைத் தள்ளிக்கொண்டு கடையை ஒரு சுற்று வந்தபோது, அவர் முகத்தில் உன் கல்யாணத்தன்று பார்த்த களை இருந்தது. பிறகு அத்திம்பேர் சொன்ன வண்டி. கல்லை அதற்கு மாற்றினார்கள். இந்தமுறை பெல்ட் மாட்ட அப்பாவுக்குத் தோன்றவில்லை. எதிர்க்கட்சி வண்டி அல்லவா.

"சாரே, இதினு ஒற்றக் கை மதி. கண்டோ?" என்று, ஒரு கை போதும் எனக் காட்டும் வேகத்தில், கல்லை மறந்து அந்தப் பெண் பொத்தானை அழுத்தினாள். வண்டி ஒரு கையில் அழகாக மடங்கியது. துண்டுக்குள்ளிருந்த கல் நேராக அத்திம்பேரின் வலது கால் மேல் விழுந்தது.

"அய்யோ, குட்டி!" என்று அலறினாள் மாசம் கேட்ட அம்மாள். குட்டி என் இடுப்பில் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்தாள்.

பெருவிரல் எலும்பில் கீறல். பயணம் கூடாது, காலைத் தூக்கி வைத்துக்கொண்டு இருக்கவேண்டும் என்றார் டாக்டர். "கல்லு இருந்ததுனால விரலோட போச்சு" என்றாள் செல்லா மாமி. இந்தத் தர்க்கத்தை அத்திம்பேர் வலியோடு ஏற்றுக்கொண்டார்.

அக்கா, இதற்கு முன் அவர் வந்த மாதங்களில் என்ன நடக்கும் தெரியுமா? வந்த அன்று தாரு என் துப்பட்டாவுக்குள் ஒளிவாள். மறுநாள் மெல்ல எட்டிப் பார்ப்பாள். பக்கத்தில் போகலாமா என்று யோசிக்கிற நேரத்தில் அவர் பெட்டியை எடுப்பார். முதலில் அழுதாள். பிறகு குறைவாக அழுதாள். அடிபட்டதற்கு முந்தின மாதம் அழவே இல்லை, பந்தை உருட்டிக்கொண்டிருந்தாள். 'சமத்தாயிட்டா' என்று நாங்கள் பெருமைப்பட்டோம்.

இந்தமுறை அவர் போகவில்லை. ரேழியில் நாற்காலி போட்டு, காலை ஸ்டூலில் நீட்டி, லேப்டாப்பில் யாருக்கோ மராத்தியில் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார். விசேஷமாக ஒன்றும் செய்யவில்லை. அவள் தலையைக் கோணலாக வாரினார். அவள் கொடுத்த அரைவாசி பிஸ்கட்டைச் சாப்பிட்டார். ஒருநாள் காலை நான் அவளுக்குச் செருப்பு மாட்டிவிடக் குனிந்தேன். அவள் செருப்பை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, தத்தித் தத்தி ரேழிக்குப் போய், அவருடைய கட்டுப்போட்ட கால்மேல் வைத்தாள்.

"ப்பா, இட்டு."

அவரால் குனிய முடியாது. ஒரு கையால் அவளைத் தூக்கி மடியில் வைத்து, மறு கையால் செருப்பை மாட்டினார். இடதுக்கு வலது. அவள் குனிந்து பார்த்துவிட்டு, சரிதான் என்பதுபோல் அவர் தோளில் சாய்ந்தாள்.

நான் பஸ்ஸை விட்டுவிட்டேன். அன்று மத்தியானம் சாப்பிடும்போது, "மடங்கறதே வாங்கலாம்ப்பா" என்றேன்.

அப்பா ரசத்தைக் கலக்கிக்கொண்டே இருந்தார். "கேட்டயா, அந்தச் சக்கரம் மழைக்கு ஆகாது."

"அங்க மழை இத்தனை இல்லேப்பா."

'அங்க' என்ற சொல் அன்றுதான் நம் வீட்டில் முதல்தடவை உச்சரிக்கப்பட்டது. சொன்னவள் நான். நான்தான் சொல்லியிருக்கவேண்டுமா? நீ இருந்தால் எந்த வண்டியை எடுத்திருப்பாய்?

அத்திம்பேர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா கேட்டார்: "அங்க வாசல்ல படி உண்டா, மாப்ளே?"

"லிஃப்ட் இருக்கு மாமா."

"லிஃப்ட் கெட்டுப்போனா?"

"தூக்கிண்டு ஏறிடுவேன்."

"ஆபீஸ் போறச்சே?"

"ஆபீஸ்ல கீழ்த்தளத்துலயே கொழந்தைகளைப் பாத்துக்க கிரெஷ் வெச்சிருக்கா. மத்தியானம் நான் போய்ச் சோறு ஊட்டலாம்."

"ரசம் விடும்மா அவருக்கு" என்றார் அப்பா. எதிர்ப்பு அந்த ரசத்தோடு முடிந்தது.

வருஷாப்திகம் நல்லபடியாக நடந்தது. உனக்குப் பிடித்த திரட்டுப்பால் வைத்தோம். அதை அடுத்த சுபச் சடங்கும் முடிந்து வண்டி வாங்கி வந்தோம், சாம்பல் நிறம். கடையிலிருந்து வீடுவரை அது காலியாக வரவில்லை என்பதைச் செல்லா மாமியிடம் சொல்லிவிட்டேன். அதன் பிறகு அப்பா தினமும் சாயங்காலம் அதை மடக்கிப் பழகினார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. ஒரு கையில் தாருவை வைத்துக்கொண்டு மறு கையால் மடக்குவார், விரிப்பார், மறுபடி மடக்குவார். தெருவின் ஓடை சிலாப்புகளில் அந்தச் சின்னச் சக்கரங்கள் ஒன்றும் ஆகாமல்தான் ஓடின.

போன வாரம் அவர்கள் கிளம்பினார்கள். விமான நிலைய வாசலில் இருந்த எடை மெஷினில் வைத்தால் பெட்டி எடை கூடுதல். திறந்தால், உள்ளே துண்டில் சுற்றி அந்தக் கல். அத்திம்பேர் அப்பாவைப் பார்த்தார்.

"புது ஊர். காலி வண்டியைத் தள்ளிண்டு நிக்கப்படாது" என்றார் அப்பா, எங்கோ பார்த்துக்கொண்டு. "லோடு வேணுமாக்கும்."

அத்திம்பேர் தன் சட்டைகளை எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டுப் பெட்டியை மூடினார். தாரு வண்டியில் உட்கார்ந்திருந்தாள், விறைக்காமல். கண்ணாடிக் கதவு வரைக்கும் எனக்குக் கைகாட்டினாள். அதற்குப் பின்னும் காட்டினாளா என்று தெரியவில்லை. கண்ணாடியில் எங்கள் உருவம்தான் தெரிந்தது. இந்த 'த்தி' அவள் வாயில் எத்தனை நாள் இருக்கும் அக்கா? அங்கே அதை யார் சொல்லச் சொல்வார்கள்?

உனக்கு ஒரு வாக்கு தருகிறேன். நான் அவளைப் பார்க்கப் போவேன். மாசிகமோ திதியோ பிறந்தநாளோ பார்த்துப் போகமாட்டேன். காரணம் எதுவும் இல்லாமல் போவேன், போய்க்கொண்டே இருப்பேன். அப்பாவையும் கூட்டிக்கொண்டு போவேன், தலைசுற்றினால் விசிறுவேன்.

வண்டி தலைக்கு மேல் பெட்டியில் சரியாக அடங்கியதாக அத்திம்பேர் செய்தி அனுப்பினார். அம்மி இங்கே இருக்கிறது, குழவி புனேயில் இருக்கிறது. துவையலை இப்போது மிக்சியில் அரைக்கிறேன்.

உன் தங்கை, தாருவின் சித்தி,
ரேவதி