கடைவீதிக்கு அடியில் ஓடும் வாய்க்கால்

என் ஆசை அப்பாவுக்கு,

இந்தத் தாள் வேறு யார் கையில் கிடைத்தாலும் தயவுசெய்து யாருக்கும் காட்டாதீர்கள். முக்கியமாகச் சித்தப்பாவுக்கு.

அப்பா, நீங்கள் போய் இன்றோடு பன்னிரண்டு நாள். நம் மளிகைக்கடை இருந்த இடத்தில் மண்ணும் தகரமும்தான் கிடக்கின்றன. நானும் அம்மாவும் சித்தப்பா வீட்டில் இருக்கிறோம். ஏற்காட்டில் மழை இன்னும் விடவில்லை.

நம் கடைவீதியின் கதையைப் பள்ளிக் கட்டுரைக்காக நீங்கள்தான் சொன்னீர்கள். சேலத்திலிருந்து கழுதைமேல் சரக்கேற்றி வந்தவர்கள், வேறு இடம் கிடைக்காமல், ஓடையை மூடி அதன்மேல் கடை கட்டினார்கள். அடியில் கல் வாய்க்கால். ஒவ்வொரு கடைக்குள்ளும் தூக்கிப் பார்க்க ஒரு பலகைக்கல். மழைக்கு முன் ஒரு நாள் எல்லோரும் கல்லைத் தூக்கித் தூர் வாருவார்கள். பிறகு மேட்டிலுள்ள முதல் கடையில் தண்ணீர் விட்டு ஓர் எலுமிச்சம்பழம் போடுவார்கள். அது கடைசிக் கடைக்குக் கீழே வந்துவிட்டால் அந்த வருடம் பயமில்லை.

இந்த வருடம் பழம் வந்துவிட்டது என்று கத்தியது நான்தானே? அது வரவேயில்லை அப்பா.

நம் கடையை ஒட்டிக் கீழே லாட்ஜ் கட்டியபோது, சித்தப்பா வாய்க்காலுக்குள்ளேயே கான்கிரீட் தூண் இறக்கி, மேலே டைல்ஸ் ஒட்டிவிட்டார். எனக்கு அது அன்று தெரியாது; நம் கடை இடிந்த பிறகுதான் தூணைப் பார்த்தேன். தண்ணீர் கொஞ்சமாக வந்தது, பழத்தைக் காணோம். கீழே கடைசிக் கடையில் காத்திருந்த என்னிடம் சித்தப்பா வந்து பையிலிருந்து ஒரு பழத்தை எடுத்துக் கொடுத்தார்.

"நொம்ப நேரமாச்சு கண்ணு. அது எங்கயாச்சும் ஒதுங்கியிருக்கும். இதப் போட்டுட்டு வந்துருச்சுன்னு சொல்லு சாமி, எல்லாரும் ஊட்டுக்குப் போவட்டும்."

எனக்கு அது விளையாட்டாகத்தான் இருந்தது. நீங்கள் மேலேயிருந்து, "எம்புள்ளயே சொல்லிட்டா, அப்புறம் என்னங்க? கல்ல மூடுங்க!" என்று சிரித்தீர்கள்.

பெருமழையன்று, அடைபட்ட தண்ணீர் நம் கடையின் பின்சுவரைத் தள்ளியது. நீங்கள் உள்ளே இருந்தீர்கள்.

நாளை தாசில்தார் விசாரிக்க வருகிறார். சாயங்காலம் சித்தப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "வந்துச்சுன்னு நீதான கத்துன? அதையே சொல்லு. மாத்திச் சொன்னா, அப்பனக் கொன்னவளுன்னு ஊரே உன்னையத்தான் துப்பும்."

அம்மாவுக்கு எதுவும் தெரியாது. தெரிந்தால் என் முகத்தைப் பார்ப்பாளா?

நம் கடைக்கு அடுத்து மேட்டுப் பக்கம் இருக்கும் தையல்கடை அக்கா கைக்குழந்தையோடு இன்னும் அங்கேயேதான் படுக்கிறாள். நேற்றிலிருந்து அவள் கடைத் தரையில் அடியிலிருந்து தண்ணீர் ஊறுகிறது. "ஈரந்தான் கண்ணு, மழைன்னா அப்படித்தான்" என்கிறாள்.

விடிந்ததும் முதலில் அவளை வெளியே கூட்டி வருவேன். பிறகு தாசில்தாரிடம் தூணைப் பற்றிச் சொல்வேன். நான் போட்ட பழத்தையும் சேர்த்தே சொல்வேன். சத்தியமாக அப்பா.

இப்படிக்கு,
உங்களிடம் பொய் சொன்ன உங்கள் மகள்

கதவு தட்டும் சத்தம். அம்மா இப்படித் தட்டமாட்டா—