தாத்தாவைப் பெற்றவர்

திங்கள், தை அமாவாசைக்கு முதல் நாள்.

போன ஆடியில் குலதெய்வக் கோயிலில் பொங்கல் வைக்க வந்த குமராட்சிக்காரர்களை, பங்காளிகளே இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். அதை நிரூபிக்கத்தான் மஞ்சக்குப்பம் பத்திரப்பதிவு அலுவலகத்தில் அலைந்து தாத்தாவின் பழைய பத்திரத்துக்கு நகல் வாங்கினேன். முதல் பக்கத்தில் தாத்தாவை 'கோவிந்தசாமி மகன்' என்று எழுதியிருந்ததைப் பார்த்ததும், மொத்தத்தையும் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டேன். மாலையில் என் மைத்துனன் சிதம்பரத்திலிருந்து போன் செய்தான்.

"மாமா, ரெண்டாம் பக்கம் படிச்சீங்களா? ஒங்க தாத்தா குமராட்சி ராமசாமிக்குப் பொறந்து, கோவிந்தசாமிக்கு சுவீகாரம் போனவராம். நீங்க வெரட்டி வுட்டீங்களே, அவுங்கதான் ஒங்க ரத்தம்!"

"எழுதினவன் தப்பா எழுதியிருப்பான்."

"பத்திரத்தத் தேடி எடுத்தது நீங்கதான மாமா?" என்று சிரித்தான்.

போனை வைத்துவிட்டு நான்கு முறை படித்தேன். அப்படித்தான் இருக்கிறது.

நாளை தேவனாம்பட்டினம் கடலில் எள்ளும் தண்ணீரும் இறைக்க வேண்டும். அப்பா, தாத்தா, மூன்றாவதாகக் கோவிந்தசாமி. நாற்பது வருடமாக இப்படித்தான் சொல்கிறேன். வளர்த்தவருக்கு இறைத்ததில் தப்பில்லை. பெற்றவருக்கு யார் இறைத்தார்கள்? குமராட்சிக்காரர்கள்தான் இறைத்திருப்பார்கள்.

யார் பெயரைச் சொல்வது என்று யாரிடமும் கேட்கப்போவதில்லை. நாளையும் கோவிந்தசாமி என்றுதான் சொல்வேன். எள்ளை மட்டும் ஏனோ கூடுதலாகக் கட்டி வைத்திருக்கிறேன்.