கடைசி மூச்சு எந்தப் பக்கத்தில்

ஜனவரி 11, சனி

யோவார் இன்று பகடைகளைப் பைக்குள் போட்டுக்கொண்டே, பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டான். இனி அவன் கருங்கோட்டை ஆட்டத்தை நடத்தப் போவதில்லை. ஆறு வருஷமாக எங்கள் மூன்று பேருக்கு அரசனாக, பூதமாக, சத்திரக்காரனாக, மழையாக எல்லாம் இருந்து பார்த்துவிட்டானாம். "ஒரே ஒரு தடவை நானும் ஒரு ஆளா விளையாடணும். பூட்ஸ் போட்ட சாதாரண ஆளு. அவ்வளவுதான்."

ராக்கெல் பின்னிக்கொண்டிருந்த கையுறையைக் கீழே வைத்தாள். அவள் ஊசியைக் கீழே வைத்தால் விஷயம் பெரிது.

விதிப் புத்தகத்தின் நான்காம் பதிப்பு புதுசாக வந்திருக்கிறதே, யாராவது அதைப் படித்துவிட்டு நடத்துங்கள் என்றான் யோவார். மால்ட்டெக்குப் புதுப் பதிப்பு என்று சொன்னாலே பல் கூசும். மூன்றாம் பதிப்பில் இல்லாதது உலகத்தில் எதுவும் இல்லை என்றான். சரி, அப்படியென்றால் மூன்றாம் பதிப்பையே நீ நடத்துகிறாயா என்று கேட்டால், மாட்டானாம்.

நான் நடத்துகிறேன் என்று ஒரு குரல் கேட்டது. என் குரல்தான்.

ஈஸ்டர் வரைக்கும் பார்ப்பது என்று முடிவு. சரிப்படவில்லையென்றால் நாங்கள் விளையாடும் நிலவறையின் சாவியை ஊர்ச் சங்கத்திடம் திருப்பிக் கொடுத்துவிடுவது. மூன்று பேருக்குக் குறைந்தால் சங்கம் எப்படியும் அறை தராது. நாங்கள் நாலு பேர். ஆனால் ராக்கெல் ஊருக்கு வெளியே இருக்கிறாள், மணிக்கு முப்பது கிலோமீட்டருக்கு மேல் போகாத மால்ட்டெயின் வண்டியில்தான் வருவாள். மால்ட்டெ நின்றுவிட்டால் அவளும் நின்ற மாதிரி. அப்புறம் நானும் யோவாரும் பகடையும்.

இந்த ஊரில் சனிக்கிழமையை விட்டால் எனக்கு வேறென்ன இருக்கிறது? நிஜமாகத்தான் கேட்கிறேன். ஐஸ் ஹாக்கி இருக்கிறது.

ஜனவரி 14, செவ்வாய்

புத்தகம் வந்துவிட்டது!! கிறிஸ்துமஸுக்கு வந்த காசெல்லாம் இதில்தான் போனது. நானூற்றுச் சொச்சம் பக்கம். அட்டையில் ஒரு டிராகன், அதற்கு என் வேதியியல் ஆசிரியையின் முகம். முகர்ந்து பார்த்தேன். அப்பா பார்த்துவிட்டார்.

பரீட்சைக்கா என்று கேட்டார். விளக்கினேன். ஒருத்தர் கதையை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருப்பார்கள், எடுத்த காரியம் முடியுமா முடியாதா என்று பகடை சொல்லும்.

"இதுக்கா நானூறு பக்கம்?"

அவர் பத்து நிமிஷம் புரட்டினார். அதில் போட்டிருக்கும் ஆட்டு விலை நியாயமாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஜனவரி 15, புதன்

வேதியியல் வகுப்பில் பக்கம் 61 வரை. அமிலம் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் இப்போது டிராகன் சம்பந்தப்பட்டது.

ஜனவரி 26, ஞாயிறு

புதுப் பதிப்பை விளக்கும் காணொளி எல்லாவற்றையும் இரட்டை வேகத்தில் பார்த்து முடித்தேன். இப்போது மனிதர்கள் சாதாரணமாகப் பேசுவது மந்தமாகத் தெரிகிறது. அப்பா "உப்பை எடு" என்று சொல்லி முடிப்பதற்குள் எனக்குப் பொறுமை போய்விட்டது.

ஆனால் எனக்கு எல்லாம் தெரியும். எல்லாம். குதிரையிலிருந்து விழுந்தால் எந்தப் பகடை, குதிரை நம் மேல் விழுந்தால் எந்தப் பகடை. சனிக்கிழமை அசத்தப் போகிறேன்.

பிப்ரவரி 1, சனி

மூன்று எலிகள். மதியம் ஆரம்பித்த சண்டை இருட்டும் வரை நடந்தது. ஒரு எலி இன்னும் உயிரோடு இருக்கிறது.

யார் எது செய்தாலும் நான் "ஒரு நிமிஷம்" என்று புத்தகத்தைப் புரட்டினேன். ராக்கெல் அதற்குள் ஒரு முழுக் கையுறை பின்னிவிட்டாள், கட்டைவிரல் உட்பட. எலிக்கு என்ன ஆச்சு என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

யோவார் தன் ஆளை உருவாக்கிக் கொண்டுவந்திருந்தான். பெயர் ஹால்வர், ஆட்டு வியாபாரி. மூன்று பக்கத்துக்கு வாழ்க்கை வரலாறு, மனைவி, மாமனாரோடு பேச்சுவார்த்தை இல்லை, கைக்காசுக்கு ஏழு ஆடு. யோவார் இருபத்திரண்டு வயது ஆள், டயர்க் கடையில் வேலை, வண்ணப் பென்சிலில் படம்கூட வரைந்திருந்தான். ஆனால் அவனுக்கு விளையாடவே வரவில்லை.

"நான் கதவைத் தொறக்கிறேன். உள்ள ஈர வாசனை. மூலையில ஒரு கிழவி உக்காந்து—"

"யோவார். கிழவி இருக்காளா இல்லையான்னு நான்தான் சொல்லணும்."

"ஆமால்ல. மன்னிச்சுக்க."

கொஞ்ச நேரம் கழித்துக் கதையில் மழை பெய்ய ஆரம்பித்தது. அதுவும் நான் சொல்லவில்லை.

மால்ட்டெ ஒவ்வொன்றுக்கும் "பழசுல இப்படியா இருந்துச்சு" என்றான். பழசில் நெருப்பு மேல் சத்தியம் செய்தால் பயம் நம்மை ஒன்றும் செய்யாது. பழசில் திருடன் மூட்டைக்குள் கையை விட்டு, முன்யோசனையாக எடுத்து வந்த ஒரு பொருளை வெளியே எடுக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலே, பழசில் கடைசி மூச்சு இருந்தது. அதை எந்த முட்டாள் எடுத்தான் என்று கேட்டான்.

எடுத்திருக்க மாட்டார்கள், தேடித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

இல்லை. முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை பார்த்துவிட்டேன். இல்லவே இல்லை.

இதில் நான் மால்ட்டெ கட்சிதான். கடைசி மூச்சு இல்லாத கருங்கோட்டை என்ன கருங்கோட்டை? பாத்திரம் சாகும்போது ஒரே ஒரு வாக்கியம் சொல்லலாம். அது என்னவாக இருந்தாலும் மற்றவர்கள் நிறைவேற்றியே ஆக வேண்டும். பதினோரு வயதில் என் முதல் பாத்திரம், குள்ளச்சி குன்வோர், முதல் நாளே செத்தாள். "என் கோடாரிய யாரும் தொடக்கூடாது" என்றேன். ஆறு வருஷமாக யாரும் தொடவில்லை. அது கிடக்கும் குகையில்தான் புதையலும் இருக்கிறது. அந்தப் பக்கமே நாங்கள் போவதில்லை.

அதப் போய் எடுத்துட்டானுங்க. என்ன மனுஷங்க இவங்க.

ஆட்டக்காரர்களின் இணைய மன்றத்தில் எழுதப் போகிறேன். பெரிய எழுத்தில்.

பிப்ரவரி 4, செவ்வாய்

என் பதிவின் தலைப்பு: "கடைசி மூச்சைத் திருடியது யார்?" பதில்கள் குவிந்துவிட்டன. ஒருத்தர்கூட என் பக்கம் இல்லை. சொல்லப்போனால், நான் எதைப் பற்றிப் பேசுகிறேன் என்றே யாருக்கும் தெரியவில்லை. தாம்பரே நகரில் ஒருத்தர் நான் பிறப்பதற்கு முன்பிருந்தே ஆடுகிறாராம், இப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதே இல்லையாம். ஆல்போர்க் ஊர்க்காரர் ஒருத்தர் நான் என்ன குடித்திருக்கிறேன் என்று கேட்டார். பாலில் கலந்த கோகோ என்று உண்மையைச் சொன்னேன். அதையும் வைத்துச் சிரித்தார்கள்.

புத்தகத்தில் எத்தனையாவது பக்கம் என்று எல்லோரும் கேட்கிறார்கள். பழைய புத்தகம் யோவாரிடம்தான் இருக்கிறது. நாங்கள் யாரும் அதைத் தொட்டதே இல்லை. நடத்துபவர் புத்தகத்தை மற்றவர்கள் தொடுவது மரியாதை இல்லை.

பிப்ரவரி 6, வியாழன்

மூன்றாம் பதிப்பின் மின்நூலை வாங்கிவிட்டேன். "மூச்சு" என்று தேடினேன். இரண்டு இடத்தில் வருகிறது. ஒன்று டிராகன் விடும் மூச்சு. இன்னொன்று குதிரைக்கு வரும் மூச்சிரைப்பு.

நெருப்புச் சத்தியம் இல்லை. திருடன் மூட்டை இல்லை.

என்னடா இது.

பிப்ரவரி 7, வெள்ளி

பள்ளி முடிந்ததும் நேராக டயர்க் கடைக்குப் போனேன். யோவார் ஒரு வேனுக்கு அடியில் இருந்தான். கால்கள் மட்டும் தெரிந்தன. கால்களிடம் கேட்டேன்.

"கடைசி மூச்சு எந்தப் பக்கத்துல இருக்கு?"

"எதுல?"

"மூணாம் பதிப்புல."

"அதுல இல்ல." ஒரு போல்ட்டைத் திருகி முடித்தான். "அந்தப் பதினேழாம் நம்பர் ஸ்பேனர எடு."

எடுத்துக் கொடுத்தேன். அப்புறம் கொஞ்சம் சத்தமாகப் பேசிவிட்டேன். வேன்காரர் எங்களைப் பார்த்துவிட்டுக் காபி இயந்திரத்துப் பக்கம் போய்விட்டார். யோவார் வெளியே வந்து தரையிலேயே உட்கார்ந்தான்.

"நீங்க மொத மொதல்ல விளையாடினது ஒரு லீவு நாள். உங்க மூணு பேரையும் சாயங்காலம் வரைக்கும் பாத்துக்கறதுக்கு நகராட்சி எனக்குச் சம்பளம் குடுத்துச்சு. நீ இருபதே நிமிஷத்துல செத்துட்ட. ஜாக்கெட்ட மாட்டிக்கிட்ட. நீ போறதப் பாத்து மால்ட்டெ அழ ஆரம்பிச்சுட்டான். எனக்குப் பதினாறு வயசு, ஹில்லெவி. புத்தகத்தத் தொறந்து, இதுக்கு ஒரு விதி இருக்குன்னேன். நீ ஜாக்கெட்டக் கழட்டிட்ட."

"மத்த விதியெல்லாம்?"

"பழக்கமாயிடுச்சு."

"நீ அந்தப் புத்தகத்தப் படிச்சியா இல்லையா?"

"மொத அத்தியாயம் படிச்சேன். ரெண்டாவது ரொம்ப நீளம்."

மால்ட்டெயிடம் சொல்லாதே என்றான். அதை மட்டும் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

பிப்ரவரி 8, சனி

மூன்றாவது எலி செத்தது. இந்த வாரம் புத்தகத்தை அதிகம் புரட்டவில்லை, சண்டைகள் சீக்கிரம் முடிந்தன, ராக்கெல் இரண்டு தடவை தலையைத் தூக்கிப் பார்த்தாள். ஆனால் மால்ட்டெ விடவில்லை. நெருப்புச் சத்தியத்தை யோசித்து எழுதியவன் மேதை என்றான்.

"மூணாம் பதிப்ப எழுதினவங்களுக்கு மூளைன்னு ஒண்ணு இருந்துச்சு."

"இருந்திருக்கும்," என்றான் யோவார், கூரையைப் பார்த்துக்கொண்டு.

பிப்ரவரி 15, சனி

முடிந்தது. வண்டியில் ஏறும்போது மால்ட்டெ சொன்னான். மார்ச் ஒன்றாம் தேதிதான் கடைசி, அதற்கப்புறம் வர மாட்டான். அவனுக்கு என் மேல் கோபம் இல்லையாம். இது அவன் வளர்ந்த ஆட்டம் இல்லையாம், அவ்வளவுதானாம். ராக்கெல் முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்க்காமல் நூலைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

ஒரு வார்த்தை போதும். நீ உயிரா நெனச்சுட்டிருக்கறதெல்லாம் யோவார் வாய்க்கு வந்தது, போய்ப் பாருடான்னு சொல்லிட்டா வாய மூடிக்குவான். பழசு பழசுன்னு இனி எத வச்சுப் பேசுவான்? நான் ஜெயிச்சுடுவேன்.

ஜெயிச்சு? யாரோட விளையாடறது அப்புறம்?

பிப்ரவரி 20, வியாழன்

சொல்லவில்லை. சொல்வதாகவும் இல்லை.

மார்ச் 1, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கடைசி ஆட்டம் என்பதால் ராக்கெல் செம்லா, அதான் கிரீம் வைத்த பன், கொண்டுவந்திருந்தாள், ஆளுக்கு இரண்டு. நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. அதுதான் கொடுமை. இடிந்த பாலத்தில் ஒரு ஆடு சிக்கிக்கொண்டது. ஹால்வர் தாண்டிப் போய்த் தூக்கப் போவதாக யோவார் சொன்னான். வேண்டாம், விழுந்தால் அவ்வளவுதான் என்று எச்சரித்தேன். இந்தத் தடவை மழையும் இல்லை, கிழவியும் இல்லை. "தாண்டறேன்," என்று மட்டும் சொன்னான். எனக்கே தெரிந்தது, முதல் தடவையாக அவன் நிஜமாக விளையாடிக்கொண்டிருந்தான்.

பகடை உருண்டது. ஆடு கரை சேர்ந்தது. ஹால்வர் சேரவில்லை.

யோவார் அந்தப் பென்சில் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். எங்களில் எத்தனை பேரை அவன் கொன்றிருப்பான். அவனுடைய ஆள் ஒருத்தன் செத்தது இதுதான் முதல் தடவை.

"கடைசி மூச்சு?" என்றான் மால்ட்டெ.

"புத்தகத்துல இல்ல."

"அதத்தான் சொல்றேன். பழசுல—"

"பழசுலயும் இல்ல."

வாயிலிருந்து வந்துவிட்டது. ஜெயிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொல்லிவிட்டேன். ராக்கெல் மெல்லுவதை நிறுத்தினாள். மால்ட்டெ என்னைப் பார்த்தான், அப்புறம் யோவாரைப் பார்த்தான்.

"அவ சொல்றது சரிதான்," என்றான் யோவார்.

"நெருப்புச் சத்தியம்?"

"நான்தான்."

"திருடன் மூட்டை?"

"அதுவும் நான்தான்."

"அந்தக் குதிரை பேசினது?"

"அது புத்தகத்துல இருக்கு."

மால்ட்டெ விரலில் இருந்த கிரீமைத் துடைத்தான். ஒவ்வொரு விரலாக. இதோ எழுந்து ஜாக்கெட்டை எடுக்கப் போகிறான், ராக்கெலும் பின்னாலேயே போகப் போகிறாள் என்று நினைத்தேன். அவன் என் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்தான். கேட்கவில்லை. அட்டையை மூடி அதன் மேல் கையை வைத்துக்கொண்டான். வாதாடப் போகும்போது அவனுக்கு வரும் முகம் வந்தது.

"பழசுல இல்லாதத புதுசு எப்படி எடுத்திருக்க முடியும்?"

எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"முடியாதுல்ல? அப்ப அது அப்படியேதான் இருக்கு. யோவார், சொல்லு. உனக்கு ஒரு வாக்கியம்."

யோவாருக்கு உடனே வரவில்லை. எங்களுடைய வாக்கியங்களை ஆறு வருஷமாகக் கேட்டவன். காதெல்லாம் சிவந்துவிட்டது. கடைசியில் ஹால்வரின் குரலில், அதாவது அவனுடைய சொந்தக் குரலிலேயே, சொன்னான்:

"ஆடுங்கள வித்துடாதீங்கப்பா."

மார்ச் 2, ஞாயிறு

மன்றத்தில் திருத்தம் போட்டேன். அது எங்கள் மேஜையின் விதி, யாரும் திருடவில்லை, மன்னிக்கவும். ஆல்போர்க்காரர் அதைத் தன் மேஜையிலும் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறார். யோவாரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று எழுதினேன்.

மார்ச் 15, சனி

மால்ட்டெ வந்திருந்தான். யோவாரின் புது ஆள் ஒரு சமையல்காரி. இன்றைக்குப் பூராவும் ஒரே ஒரு தடவைதான் பனி பெய்ய வைத்தான்.

பேய்க்கோட்டைக்குள் ஏழு ஆடுகளோடு போவது கஷ்டம். படியில் ஒரு ஆடு நின்றால் எல்லாம் நிற்கும். எலும்புக்கூடுகள் தாக்கியபோது ராக்கெல் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, ஆடுகளுக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள்.

மார்ச் 29, சனி

அடுத்த வாரம் ஆடுகளோடு ஆற்றைக் கடந்தாக வேண்டும். மால்ட்டெ புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போகக் கேட்டான். வண்டியில் ராக்கெலின் மடியில் வைத்துக்கொண்டு போனார்கள், முப்பதில்.

ஏப்ரல் 1, செவ்வாய்

மால்ட்டெயிடமிருந்து செய்தி, கணித வகுப்பின் நடுவில்: "ரெண்டாவது அத்தியாயம் முடிச்சுட்டேன். ஆடு நீந்தும். ஆனா அதுக்குப் பிடிக்காது."