மாலை விழுந்த முகம்

ஆவணி 14, செவ்வாய். சேலையூர்.

இன்று மேடவாக்கத்தில் ஷூட்டிங். கதையில் எனக்கு இடைவேளையோடு சாவு. அதன்பிறகு சுவரில் மாலை போட்ட போட்டோதான். போட்டோவுக்குப் பதிலாக, நான் வரைந்த என் முகத்தையே மாட்டும்படி டைரக்டரைக் கெஞ்சிச் சம்மதிக்க வைத்தேன். வேறு எப்படி என் ஓவியத்தை நாலு பேர் பார்க்கப் போகிறார்கள்? அடுத்தவர் வரைந்ததை வாங்கி வாங்கி வீட்டு ஹால் முழுக்க மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு என்னோடு செல்ஃபி எடுக்கிறார்கள்.

நான் சாப்பிட்டு வருவதற்குள் ஆர்ட் அசிஸ்டென்ட் படத்தின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டான்.

“என்னப்பா, பெயின்ட் மேலயே வெச்சிருக்க?”

“பொட்டு வெக்காம மாலை போட்டா நல்லாவா இருக்கும் சார்? தொடச்சா பூடும்.”

வார்னிஷ் அடிக்காத படம், மேலே பட்டது பெயின்ட்டோடு ஒட்டிக்கொள்ளும். வீட்டுக்கு வந்து துடைத்தேன். குங்குமம் புருவம் வரை இறங்கியதுதான் மிச்சம்.

மனைவி எட்டிப் பார்த்தாள். “மாலை போட்ட படம். இனிமே வீட்ல மாட்ட வேணாங்க.”

படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன்.

காலையில் சாவுக் காட்சி முடிந்ததும், வழக்கம்போல என்னைக் கேமராவைப் பார்த்துச் சிரிக்கச் சொன்னார்கள். செத்ததாக நடித்தவன் எழுந்து ஒரு தடவை சிரித்துவிட்டால் தோஷம் கழிந்துவிடும் என்பது சினிமாக்காரர்கள் நம்பிக்கை. பல்லைக் காட்டினேன். கைதட்டினார்கள். எனக்குத் தோஷம் கழிந்துவிட்டது.

படத்தில் இருக்கும் முகத்தைச் சிரிக்காத முகமாகத்தான் வரைந்திருக்கிறேன்.