என் பெயரைச் சொல்லாத நீ

இன்று காலை தொழிற்சாலைக் குழுவில் ஒரு செய்தி வந்தது. "பார்டர்ல சண்டை நடக்குது. யாரும் எதுவும் எழுதிப் போடாதீங்க." படித்ததும் உன் நினைவு வந்தது. நீ போய் ஏழு மாதம் ஆகிறது.

முந்தைய சண்டையின்போது, ஆஸ்டின் டவுனில் உன் வீட்டு முன்னறையிலிருந்து நாம் ஒரு சிறுபத்திரிகை நடத்திக்கொண்டிருந்தோம். நீ கணக்கு டீச்சர். பத்திரிகைக்கு ஆசிரியரும் நீதான். நான் பொம்மனஹள்ளி ஆடைத் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். அங்கே தையல் வேலை செய்த மேரியம்மாவின் மகன் எல்லையில் இறந்தான். "பெட்டிய தொறக்கவே வுடல மா. உள்ள இருந்தது எம் புள்ளதானான்னு இன்னிக்கும் தெரியல" என்றார். அவர் சம்மதத்தோடு அதைப் புனைபெயரில் எழுதினேன். ஒரு வரியையும் வெட்டாமல் நீ அச்சுக்கு அனுப்பினாய்.

யாரோ அந்தப் பக்கத்தைப் படமெடுத்துப் பரப்பினார்கள். ராணுவத்தை இழிவுபடுத்தியதாகப் புகார். மூன்று நாள் உன்னை ஸ்டேஷனுக்கு அழைத்தார்கள். முதல் நாள் நானும் வந்தேன், எதிர்ப்புற பஸ் ஸ்டாப் வரை. சாலையைக் கடக்கக் கால் வரவில்லை. எழுதியது யார் என்று கேட்டபோது, "எடிட்டர் நான்தான் சார், என்னையே கேளுங்க" என்றாயாம். எழுதியவர் பெயரைச் சொல்லி, வருத்தம் தெரிவித்து எழுதிக் கொடுத்தால் விட்டுவிடுவதாகச் சொன்னார்கள். நீ கையெழுத்துப் போடவில்லை. வழக்கு இழுத்துக்கொண்டே போனது. பள்ளியில் உன்னை ராஜினாமா செய்யச் சொன்னார்கள்.

"நான் போய் சொல்லிடட்டுமாடி?" என்று ஒருமுறை கேட்டேன். நீ வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும் என்ற ஆசையோடுதான் கேட்டேன். அது உனக்கும் புரிந்திருக்கும்.

"எனக்காக சொல்லாத. உனக்கா தோணுனா சொல்லு" என்றாய். அதன் பிறகு வீட்டில் டியூஷன் எடுத்தே காலம் தள்ளினாய். அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவேயில்லை. நான் எழுதுவதையே விட்டுவிட்டேன்.

உன் அடக்கத்துக்கு மேரியம்மா வந்திருந்தார். "டீச்சரம்மா பட்டதெல்லாம் எனக்காவதானே?" என்று அழுதார்.

"இல்ல மா, எனக்காக" என்றேன். அதை வாய்விட்டுச் சொன்னது அதுவே முதல் தடவை.

அவர் கதையை மறுபடி எழுதி முடித்திருக்கிறேன், என் பெயரில். நாளை ஒரு பத்திரிகைக்கு அனுப்பப்போகிறேன். பயமாகத்தான் இருக்கிறது. நீ உயிரோடிருந்தபோது செய்திருக்க வேண்டியதை இப்போது செய்கிறேன். இதைத் தைரியம் என்று நீ நினைத்துவிடக் கூடாது. அதற்காகத்தான் இந்த மடல்.